அம்பலம் ஏறிய சொல்

“ஏழை சொல் அம்பலம் ஏறாது” என்பது நம் நாட்டுப் பழமொழி. பழமொழிகளுள் பல நமக்கு அறிவுரை கூறும். சில ஆறுதல் கூறும். இப்பழமொழியோ கண்ட உண்மையை உள்ளவாறே எடுத்துரைத்துவிட்டு நிற்கும் ஒரு முறையீடாகும். அம்பலம் என்பது ஊர்ப் பொதுவிடம். ஊரார் கூடி வழக்குக் கேட்கும் இடம். அங்கே செல்வர் சொல் ஏறும். கற்றவர் சொல் ஏறும். ஏழையின் சொல் படிக்கட்டிலேயே நின்றுவிடும். ஏழையின் சொல்லுக்கே இந்நிலை என்றால், அவ்வேழையின் வீட்டுப் பெண்ணினுடைய சொல் எங்கே நிற்கும்? அது தன் வீட்டு வாயிற்படியையும் தாண்டுவதில்லை.

மாணவ மாணவியரே! அந்தச் சொல் வாயிற்படியைத் தாண்டி அம்பலத்தில் ஏறுவதற்கு நம் காலத்தில் ஒரு வழி பிறந்திருக்கிறது. சமுதாய வானொலி என்பது அதன் பெயர். அரசு நடத்தும் வானொலியை நீங்கள் அறிவீர்கள். வணிகர் நடத்தும் வானொலியையும் நாள்தோறும் கேட்கிறீர்கள். இவ்விரண்டும் அன்றி, ஓர் ஊரையும் அதனைச் சூழ்ந்த சில சிற்றூர்களையும் மட்டுமே தன் எல்லையாகக் கொண்டு, அவ்வூர் மக்களே பேசியும் பாடியும் நடத்துகின்ற சிறு வானொலி மூன்றாம் வகை. இச்சிறு வானொலி நாட்டுப்புறப் பெண்டிருக்கு என்ன செய்திருக்கிறது, இன்னும் என்ன செய்யக்கூடும் என்பதை இன்று நாம் சற்று ஆராய்வோம்.

முதலில் வானொலி நம் நாட்டுக்கு வந்த வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். 1924-ஆம் ஆண்டில் சென்னையில் ஆர்வலர் சிலர் கூடி, சென்னை மாகாண ரேடியோ கிளப் என்ற சங்கத்தை நிறுவி ஒலிபரப்பைத் தொடங்கினர். பொருள் முட்டுப்பாட்டால் அச்சங்கம் தளர்ந்தபோது, 1930-இல் சென்னை நகராட்சி அப்பணியை ஏற்று நடத்தியது. 1938 ஜூன் 16-ஆம் நாள் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், அதற்கடுத்த ஆண்டில் திருச்சிராப்பள்ளி நிலையமும் தொடங்கப் பெற்றன. இசையும் சொற்பொழிவும் செய்தியும் நாடகமும் சிற்றூர்வரை சென்றன. பஞ்சாயத்துக் கட்டடத்தின் திண்ணையில் ஒலித்த பொது வானொலிப் பெட்டியின் முன்னே ஊரே கூடியிருந்த காலம் ஒன்று உண்டு.

அவ்வொலியால் விளைந்த நன்மை சிறிதன்று. ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். 1960-களில் ஏ.டி.டி. 27 என்னும் புதிய நெல் வகையைப் பற்றித் திருச்சி வானொலி இடைவிடாது எடுத்துரைத்தது. தஞ்சை மாவட்டத்து உழவர்கள் அதனைக் கேட்டுப் பயிரிட்டார்கள். அந்நெல்லுக்கு அவர்கள் இட்ட பெயர் ‘ரேடியோ நெல்’ என்பதாகும். வயலில் விளைந்த பயிருக்கே வானொலியின் பெயர் வழங்கியது என்றால், அந்த ஒலிக்கு மக்கள் உள்ளத்தில் இருந்த மதிப்பை நாம் உணரலாம்.

ஆயினும் அந்த ஒலி ஒருவழிப் பாதையிலேயே சென்றது. நகரத்தில் இருப்பவர் பேசினார். சிற்றூரில் இருப்பவர் கேட்டார். இக்குறையை அறிந்தோர் அந்நாளிலேயே ஒரு முயற்சி செய்தனர். 1956-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, யுனெஸ்கோவின் துணையோடு, புனே வட்டாரத்தில் 5 மாவட்டங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 150 சிற்றூர்களில் வானொலி மன்றங்கள் அமைக்கப்பட்டன. வாரத்துக்கு இரண்டாக 20 நிகழ்ச்சிகள் ஒலிபரப்பாயின. மன்றத்தார் ஒன்றுகூடிக் கேட்பார்கள். கேட்டபின் தமக்குள் வாதிப்பார்கள். எழுந்த ஐயங்களை நிலையத்துக்கு எழுதி அனுப்புவார்கள். நிலையம் அவற்றுக்கு மறுமொழி கூறும். பால் நியூரத் என்னும் அறிஞர் இதனை ஆராய்ந்து, மன்றம் அமைந்த ஊர்களில் மக்களின் அறிவும் ஊக்கமும் வளர்ந்ததைக் கண்டார். 1959-இல் இத்திட்டம் நாடெங்கும் விரிந்தது. எனினும் அம்மன்றங்களில் அமர்ந்தோர் பெரும்பாலும் ஆடவரே. அடுப்பங்கரையில் இருந்த பெண்ணின் காதில் அவ்வொலி விழுந்திருக்கலாம். அவளது ஒலி எங்கும் விழவில்லை.

இலங்கையிலும் இவ்வழியில் ஒரு முயற்சி நடந்தது. மகாவலி ஆற்றுத் திட்டத்தால் தம் ஊரை விட்டுப் புதிய இடங்களில் குடியேறியவர்களுக்காக, 1981-இல் மகாவலி சமுதாய வானொலி தொடங்கப்பட்டது. நிகழ்ச்சி தயாரிப்போர் ஊருக்குள் சென்று சில நாள் தங்கி, மக்களோடு உண்டு உறங்கி, அவர்கள் பேச்சையும் பாட்டையும் பதிந்து வந்தனர். 1989-இல் கொத்மலையில் ஒரு சிறு நிலையம் அமைந்தது. மக்கள் நிலையத்தைத் தேடி வருவதற்கு முன்னர் நிலையம் மக்களைத் தேடிச் செல்லவேண்டும் என்ற பாடத்தை இம்முயற்சிகள் உலகுக்குக் கற்பித்தன.

நம் நாட்டிலோ, அரசு அன்றிப் பிறர் ஒலிபரப்புவதற்கு நெடுங்காலம் இடமில்லாது இருந்தது. அந்தக் கதவு திறந்த கதை வேடிக்கையானது. வங்காளத்துக் கிரிக்கெட் சங்கம் 1993-இல் ஒரு போட்டித் தொடரை நடத்தியது. அதனைப் படம்பிடித்து ஒளிபரப்பும் உரிமை யாருக்கு என்ற வழக்கு எழுந்து, உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1995 பிப்ரவரி 9-ஆம் நாள் நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. வானலைகள் பொதுச் சொத்து. அவை அரசுக்கோ தனியார்க்கோ தனியுடைமை ஆகா. பொது நலம் கருதியே அவற்றைப் பயன்படுத்தவேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். மட்டையும் பந்தும் பற்றி எழுந்த வழக்கில் மன்பதைக்கெல்லாம் உரிய ஓர் உரிமை நிலைநாட்டப்பட்டது. ஏரியும் குளமும் மேய்ச்சல் நிலமும் போல, நம் தலைக்கு மேலே செல்லும் அலையும் ஊர்ப் பொது என்றாயிற்று.

அதன் பின்னரும் ஏழு ஆண்டுகள் கடந்தன. 2002-இல் கல்வி நிறுவனங்களுக்கு அனுமதி கிடைத்தது. 2004 பிப்ரவரி 1-ஆம் நாள் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி ஒலித்தது. அந்நிலையத்தார் அருகிலிருந்த குடியிருப்புகளின் பெண்களையே அழைத்து, நிகழ்ச்சி தயாரிப்பதற்குப் பழக்கினர். 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி விரிந்தது. நிகழ்ச்சிகளுள் பாதியேனும் அவ்வட்டார மக்களின் பங்கேற்போடு உருவாகவேண்டும், அவ்வட்டார மொழியிலும் வழக்கிலும் அமைவது நன்று என்பன அப்போது வகுக்கப்பட்ட விதிகள். 2024 வாக்கில் நாட்டில் இத்தகைய நிலையங்கள் ஏறத்தாழ 500 ஆயின.

இங்கே மாணவர்களாகிய நீங்கள் ஒரு வினா எழுப்பக்கூடும். “இச்சிறு வானொலியின் ஒலி எவ்வளவு தொலைவு செல்லும்?” நல்ல வினா. சென்னை வானொலி பன்னெடுங்காலமாகப் பயன்படுத்திவந்த மத்திய அலை 720 கிலோஹெர்ட்ஸ் ஆகும். அந்த அலையின் நீளம் 400 மீட்டருக்கு மேற்பட்டது. அவ்வளவு நீண்ட அலை நிலத்தின் மேற்பரப்பைத் தழுவிக்கொண்டு நெடுந்தொலைவு செல்லும். சமுதாய வானொலி பயன்படுத்தும் பண்பலையோ 90.4 மெகாஹெர்ட்ஸ் போன்ற அளவினது; நொடிக்கு 9 கோடியே 4 லட்சம் அதிர்வுகள் கொண்டது. அதன் நீளம் 3.3 மீட்டர்தான். அது பெரும்பாலும் நேர்க்கோட்டிலேயே செல்லும். நிலத்தின் வளைவும் குன்றும் கட்டடமும் அதனைத் தடுக்கும். அன்றியும், ஒலிபரப்பு ஆற்றல் 100 வாட்டுக்கு மேற்படலாகாது, ஏரியல் கம்பம் 30 மீட்டருக்கு மேல் உயரலாகாது என்பது 2006-இல் வகுக்கப்பட்ட விதி. நூறு வாட் என்பது முன்னாளில் நம் வீட்டுக் கூடத்தில் எரிந்த குண்டு விளக்கின் அளவு. ஆகவே ஒலி 10 அல்லது 15 கிலோமீட்டரோடு நின்றுவிடும்.

இதனைக் குறைபாடு என்று எண்ணுவோர் பலர். நான் அவ்வாறு எண்ணவில்லை. நாட்டுப்புறத்துப் பெண் ஒருத்தியின் துன்பங்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். குழாயில் தண்ணீர் வரவில்லை. நியாயவிலைக் கடையில் அளவு குறைகிறது. துணைச் சுகாதார நிலையத்தில் செவிலியர் இல்லை. பள்ளியில் பெண் குழந்தைகளுக்குக் கழிப்பறைக் கதவு இல்லை. பேருந்து நிறுத்தத்தில் நிற்காமல் செல்கிறது. மதுக்கடை பாதையை மறிக்கிறது. கடன் கொடுத்தவன் வாசலில் வந்து இரைகிறான். இவற்றுள் எதற்கு டில்லியிலிருந்து தீர்வு வரவேண்டும்? ஊராட்சித் தலைவர், கிராம நிர்வாக அலுவலர், கடை விற்பனையாளர், தலைமையாசிரியர், பணிமனை மேலாளர், ஏன், அவளுடைய கணவரும் மாமனாரும்கூட, அந்தப் பத்துக் கிலோமீட்டருக்குள்ளேதான் இருக்கிறார்கள். துன்பமும் அங்கே, அதனைத் தீர்க்க வல்லவரும் அங்கே. இருவருக்கும் இடையே சொல் ஒன்றுதான் குறை. அச்சொல் நாடு முழுதும் பறக்கவேண்டுவதில்லை. அந்தப் பத்துக் கிலோமீட்டரைக் கடந்தால் போதும். இதுவே சமுதாய வானொலியின் உயிர்நிலை என்பது என் கருத்து.

“கைப்பேசி இருக்கும்போது வானொலி எதற்கு?” என்றும் நீங்கள் கேட்கலாம். கைப்பேசியில் ஒருத்தி தன் தமக்கையிடம் குறையைச் சொல்கிறாள், தமக்கை இரங்குகிறாள், பேச்சு முடிகிறது. வானொலியில் அதே குறையைச் சொல்லும்போது, துன்புற்றவளும் அவளுடைய அண்டை வீட்டாரும் அதற்குப் பொறுப்பான அலுவலரும் ஒரே நேரத்தில் கேட்கிறார்கள். எல்லாரும் கேட்டார்கள் என்பதை எல்லாரும் அறிகிறார்கள். பின்னர் ஒருவரும் “எனக்குத் தெரியாது” என்று கூற இயலாது. தனிச்சொல் பொதுச்சொல் ஆவது இவ்வாறுதான். அம்பலம் என்பதன் பொருளும் இதுவே.

எழுத்தறிவைப் பற்றியும் ஓர் ஆசிரியன் என்ற முறையில் கூறவேண்டும். 1951-இல் நம் நாட்டுப் பெண்களுள் எழுதப் படிக்கத் தெரிந்தவர் நூற்றுக்கு 9 பேர்தாம். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களுள் நூற்றுக்கு 73 பேர் எழுத்தறிவு பெற்றிருந்தனர். வளர்ச்சி பெரிதே. ஆயினும் எஞ்சிய 27 பேரை நாம் மறத்தலாகாது. மனு எழுத அவர்களுக்கு மற்றொருவர் கை வேண்டும். பேச மற்றொருவர் வாய் வேண்டுவதில்லை. நான் பணியாற்றிய நாட்களில், பெற்றோர் கூட்டத்துக்கு வந்த தாய்மார்கள் படித்த ஒருத்தியை முன்னே தள்ளிவிட்டுத் தாம் பின்வரிசையில் அமர்வதைப் பலமுறை கண்டிருக்கிறேன். கூட்டத்தில் வாய் திறவாத அவர்களே, கலைந்து செல்கையில் பள்ளி வாயிலில் நின்று, சத்துணவைப் பற்றியும் சாலையைக் கடக்கும் பிள்ளைகளைப் பற்றியும் தெள்ளத் தெளிவாகப் பேசுவார்கள். அவர்களுக்குக் கருத்துக்கும் பஞ்சமில்லை, சொல்லுக்கும் பஞ்சமில்லை. அவர்கள் அஞ்சாது பேசுவதற்குரிய இடத்தை நாம்தாம் அமைத்துத் தரவில்லை.

அத்தகைய இடத்தைத் தாமே அமைத்துக்கொண்ட பெண்களின் வரலாறு ஒன்று உண்டு. தெலங்கானாவில் சகீராபாத் என்னும் ஊருக்கு அருகே மாச்சனூர் என்ற சிற்றூர் இருக்கிறது. வானம் பார்த்த பூமி. சோளமும் தினையும் கம்பும் விளையும் நிலம். தக்காண வளர்ச்சிச் சங்கம் என்னும் அமைப்பு 1983 முதல் அவ்வட்டாரத்தில் ஏழைப் பெண்களைச் சங்கங்களாகத் திரட்டியது. அவர்களுட் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட குலங்களைச் சேர்ந்த உழவுத்தொழிலாளப் பெண்கள். 1990-களின் பிற்பகுதியில் யுனெஸ்கோ உதவியோடு அவர்களுக்கென ஓர் ஒலிப்பதிவுக் கூடம் அமைந்தது. ஆனால் ஒலிபரப்ப அனுமதி கிடைக்கவில்லை.

அப்பெண்கள் கூடத்தைப் பூட்டிவிட்டு வாளா இருந்தார்களா? இல்லை. விதைகளைப் பாதுகாக்கும் முறை, கால்நடை மருத்துவம், கைவைத்தியம், நடவுப் பாட்டு, சம ஊதியம் என்று தாம் அறிந்தவற்றையும் தமக்கு வேண்டியவற்றையும் நாடாக்களில் பதிந்தனர். அந்நாடாக்களைச் சுமந்து ஊர் ஊராகச் சென்று, சங்கக் கூட்டங்களில் ஒலிக்கச் செய்தனர். ஏறத்தாழ பத்தாண்டுகள் அலையில்லாத வானொலியை நடத்தினர். இறுதியில் 2008 அக்டோபர் 15-ஆம் நாள் சங்கம் ரேடியோ 90.4 மெகாஹெர்ட்ஸில் காற்றில் ஏறியது. ஜெனரல் நரசம்மா, அல்கோல் நரசம்மா என்னும் இரு இளம்பெண்கள் அதனை இயக்கும் பொறுப்பை ஏற்றனர். வயல் வேலை முடிந்து, அடுப்பு மூட்டி, குடும்பம் ஒன்றாக அமரும் மாலைப்பொழுதே அவர்கள் ஒலிபரப்புக்குத் தேர்ந்த நேரம். பட்டணத்துத் தெலுங்கில் அன்றித் தம் ஊர்த் தெலுங்கிலேயே பேசினார்கள். தம் பேச்சைக் கொச்சை என்று பிறர் கூறக் கேட்டுப் பழகியவர்கள், அதே பேச்சு வானொலிப் பெட்டியிலிருந்து மதிப்போடு வருவதைக் கேட்டபோது என்ன உணர்ந்திருப்பார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இனி நம் கடற்கரைக்கு வருவோம். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தது. அந்நாளில் புதுச்சேரிக்கு அருகிலுள்ள நல்லவாடு என்னும் மீனவர் குப்பத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து தொலைபேசி வழியே எச்சரிக்கை வந்தது. அவ்வூரில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் அமைத்திருந்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் அச்செய்தி அறிவிக்கப்பட்டது. மக்கள் மேட்டுப்பகுதிக்கு ஓடி உயிர் தப்பினர். உலகப் பெருநிலையங்கள் செய்தி திரட்டிக்கொண்டிருந்த வேளையில், ஓர் ஊரளவே எட்டும் ஒலிபெருக்கி அவ்வூரைக் காத்தது. சிறிய ஒலியின் பெருமைக்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அப்பேரலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின்னர் அம்மாவட்டத்து விழுந்தமாவடியில், மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளையின் துணையால் களஞ்சியம் சமுதாய வானொலி தோன்றியது. களஞ்சியம் என்பது அவ்வறக்கட்டளை வளர்த்த மகளிர் சேமிப்புக் குழுக்களின் பெயர். இயற்கை இடரை எதிர்கொள்ளுதலும் மகளிர் வாழ்வும் அதன் முதன்மைப் பொருள்கள். தெற்கே பாம்பனில் 2016 ஆகஸ்டு 15-ஆம் நாள் ‘கடல் ஓசை’ என்ற வானொலி மீனவர்களுக்கென்றே தொடங்கப்பட்டது. காற்றின் வேகம், அலையின் உயரம், கடல் வளத்தைக் காக்கும் முறை ஆகியவற்றை அது கடலோர மக்களின் மொழியில் எடுத்துக் கூறியது.

செங்கற்பட்டு மாவட்டத்தின் நிலை யாது? ஏரிகள் நிறைந்த மாவட்டம் எனப் பெயர் பெற்ற இப்பகுதி, 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆயிற்று. இதன் மேற்கே வயலும் ஏரியும். கிழக்கே சவுக்குத் தோப்பும் மணல் மேடும் கடலும். காட்டாங்குளத்தூரில் எஸ்.ஆர்.எம். கல்வி வளாகத்திலிருந்து ‘முத்துச்சரம்’ என்னும் சமுதாய வானொலி 90.4 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பைத் தொடங்கியது. ஆனால் முன்னர்க் கூறிய கணக்கை இங்கே பொருத்திப் பாருங்கள். காட்டாங்குளத்தூருக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே நேர்க்கோட்டிலேயே 25 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு உண்டு. 10, 15 கிலோமீட்டரில் ஓய்ந்துவிடும் அலை, கடற்கரைக் குப்பத்தை எவ்வாறு அடையும்? ஒரே மாவட்டத்தில் வாழ்ந்தாலும், ஏரிக்கரைப் பெண்ணின் அம்பலம் வேறு. கடற்கரைப் பெண்ணின் அம்பலம் வேறு. இரண்டுக்கும் தனித்தனியே ஒலி வேண்டும்.

கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை உள்ள கடற்கரையில் பிறந்த பெண்களுக்குச் சொல்ல வேண்டியவை நிறைய உண்டு. கடலுக்குச் செல்பவர் ஆடவர். பிடித்த மீனை ஏலத்தில் எடுத்து, அன்னக்கூடையில் ஏற்றி, சும்மாட்டின் மேல் வைத்து, உள்நாட்டு ஊர்களில் விற்றுக் குடும்பத்தை நடத்துபவர் பெண்டிர். பனிக்கட்டியின் விலை, சந்தையில் உட்காரும் இடத்துக்கு வாங்கும் பணம், மீன்பிடித் தடைக்காலத்தில் அடுப்பெரியும் வழி, கூடையோடு ஏறவிடாத பேருந்து ஆகியவை அவர்களுடைய அன்றாடக் கவலைகள். இவர்களோடு தண்டரை முதலிய ஊர்களின் இருளர் பெண்களையும் சேர்த்து எண்ணவேண்டும். மூலிகையின் குணமும் காட்டின் இயல்பும் அறிந்த அவர்களின் அறிவு, எந்தப் பாடநூலிலும் முழுமையாக ஏறவில்லை. மாமல்லபுரத்துக் கிருஷ்ண மண்டபத்தில் தலைச்சுமையோடு நிற்கும் ஆய்ச்சியின் உருவத்தைப் பல்லவர் காலத்துச் சிற்பி கல்லில் செதுக்கிவைத்தான். அச்சுமையின் பாரத்தை அவள் வாய்மொழியாகக் கேட்பதற்குரிய கருவி நம் காலத்தில்தான் கிடைத்திருக்கிறது.

தண்ணீரைப் பற்றியும் ஒன்று கூறுவேன். இக்கடற்கரையிலுள்ள நெம்மேலியில், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2013-இல் தொடங்கப்பட்டது. அந்நீர் சென்னை மாநகருக்குச் செல்வதற்கென அமைந்தது. மாநகருக்கு நீர் வேண்டியதே, அதில் ஐயமில்லை. ஆயினும் அந்நிலையத்தின் மதிற்சுவருக்கு அருகே குடத்தோடு நடக்கும் பெண், “எங்கள் ஊர்க் கிணற்று நீர் உவர்க்கிறதா, இனிக்கிறதா என்று யாராவது கேட்டீர்களா?” என வினவினால், அவ்வினாவுக்கு மறுமொழி கூறும் கடமை நமக்கு உண்டு. வினவுவதற்கு அவளுக்கு ஓர் இடம் வேண்டும்.

அவ்வாறு ஓர் இடம் இல்லாதபோது நிகழ்வது யாது? 2021 டிசம்பரில் குமரி மாவட்டம் குளச்சலில், மீன் விற்றுவிட்டு வீடு திரும்பிய மூதாட்டி ஒருவர், நாற்றம் வீசுவதாகக் கூறப்பட்டுப் பேருந்திலிருந்து இறக்கிவிடப்பட்டார். அவர் பேருந்து நிலையத்தில் நின்று உரத்த குரலில் நியாயம் கேட்டார். யாரோ ஒருவர் அதனைக் கைப்பேசியில் பதிந்தார். அது நாடெங்கும் பரவியது. முதலமைச்சரும் கண்டித்தார், ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். அம்மூதாட்டியின் சொல் அம்பலம் ஏறிற்று. ஆனால் எதனால் ஏறிற்று? வழிப்போக்கர் ஒருவரின் தற்செயலான இரக்கத்தால் ஏறிற்று. பதிவு செய்ய ஒருவரும் இல்லாத இடத்தில் இறக்கிவிடப்பட்ட பெண்கள் எத்தனை பேரோ! தற்செயலை நம்பி நியாயம் நிற்றலாகாது. வாரந்தோறும் குறித்த நேரத்தில், குறித்த அலையில், “உங்கள் குறையைக் கூறுங்கள்” என்று அழைக்கும் குரல் ஒன்று இருந்தால், நியாயம் முறையான வழியில் நடக்கும்.

இதில் உள்ள இடர்களையும் மறையாது கூறுதல் என் கடமை. முதலாவது அச்சம். வானொலியில் முகம் தெரிவதில்லை. ஆனால் பத்துக் கிலோமீட்டருக்குள் குரலே முகமாகிவிடும். “இன்னாருடைய மனைவி பேசினாள்” என்று மறுநாளே தெருவில் பேச்சு எழும். அவள் வீட்டில் அதற்குத் தண்டனையும் கிடைக்கக்கூடும். ஆதலின், தனியொருத்தியைப் பேசவிடாமல் ஐந்தாறு பேரைக் குழுவாகப் பேசவைத்தல், உண்மை நிகழ்ச்சியைப் பெயர் மாற்றி நாடகமாக அமைத்தல், ஒலிபரப்புமுன் பதிவை அவளுக்கே போட்டுக் காட்டி இசைவு பெறுதல் ஆகிய முறைகள் வேண்டும். இசைவின்றி ஒருத்தியின் கண்ணீரை ஒலிபரப்புதல் அவளுக்குச் செய்யும் இரண்டாவது கொடுமையாகும்.

இரண்டாவது, மறுமொழி. குறையை மட்டும் ஒலிபரப்பிவிட்டு ஓய்ந்தால் அது ஒப்பாரியாக முடியும். முதல் வாரம் குறையைக் கேட்கவேண்டும். அடுத்த வாரம் உரிய அலுவலரை அழைத்து மறுமொழி பெறவேண்டும். மூன்றாம் வாரம் அம்மறுமொழி நிறைவேறிற்றா என்று அப்பெண்களையே கேட்கவேண்டும். இம்மூன்றாம் வாரமே நிலையத்தின் நேர்மைக்கு உரைகல். பழிதூற்றுவதற்கு இதில் இடம் தரலாகாது. அலுவலரின் இடர்ப்பாட்டையும் மக்கள் அறியட்டும்.

மூன்றாவது, பொருள். கருவிக்கும் மின்சாரத்துக்கும் ஊழியர்க்கும் பணம் வேண்டும். கொடையாளர் உள்ளவரை ஒலித்து, கொடை நின்றதும் ஓய்ந்துபோவது இத்தகைய முயற்சிகளின் பொது நோய். இதற்கு மருந்து ஊரார் அந்நிலையத்தைத் தமது என்று கருதுவதே. கோயில் திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு வரி கொடுக்கும் ஊர், தன் குரலுக்காகச் சிறு தொகை கொடுக்க மறுக்காது. ஆனால் அது தன் குரல்தான் என்ற நம்பிக்கையை நிலையம் முதலில் ஈட்டவேண்டும்.

மாணவ மாணவியரே! நிலையம் அமைப்பது உங்களால் இன்றே ஆகாது. ஆயினும் சங்கம் ரேடியோவின் பெண்கள் அனுமதி வருமுன்பே பணியைத் தொடங்கினார்கள் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். உங்களுள் பலரிடம் ஒலி பதியும் கைப்பேசி இருக்கிறது. விடுமுறை நாளில் உங்கள் பாட்டியாரிடமோ, அண்டை வீட்டு அக்காளிடமோ, தலையில் கூடையோடு வரும் மீன்காரம்மாவிடமோ இசைவு கேட்டு, அமர்ந்து, அவர்கள் பேசுவதைப் பதியுங்கள். இடையிடையே திருத்தாதீர்கள், அவர்கள் வழக்குச் சொற்களை மாற்றாதீர்கள். நான்கைந்து பேரின் பதிவு சேர்ந்தபின், அவர்களையே கூட்டிவைத்துப் போட்டுக் காட்டுங்கள். தம் குரலைத் தாமே கேட்கும்போது, எந்தக் குறையை ஊராட்சிக்குக் கொண்டு செல்வது, எதனை வட்டாட்சியரிடம் கூறுவது என்று அவர்களே முடிவு செய்வார்கள். அவர்கள் முடிவு செய்தபின், வேண்டினால் மனு எழுதிக் கொடுங்கள். அருகில் சமுதாய வானொலி இருப்பின் அங்கே கொண்டுசென்று சேருங்கள்.

பேசுவதற்கு நாம் பல ஆண்டுகள் செலவிட்டுப் பள்ளியில் பயில்கிறோம். பிறர் பேசும்போது இடைமறியாது கேட்பதற்கும் அதே அளவு பயிற்சி வேண்டும். வீட்டில் அன்னையின் சொல்லை நின்று கேட்கும் பிள்ளையே, நாளை அலுவலராக அமரும்போது ஊரிலுள்ள ஏழைப் பெண்ணின் சொல்லையும் நின்று கேட்பான்.